துருசடியான்

ஹேக்கிலிருந்து மகள் அனுப்பிய குறிப்பில்
முப்பத்தாறு வருச உத்தியோகம்
ஒன்பது வரி.
ஜகார்த்தா, கார்ட்டூம், அக்ரா...
ஆறாவதில் கொழும்பு: இரண்டாம் செயலாளர்.
ஏழாவதில் பரமரிபோ.
வன்னி இல்லை.

இருக்க நியாயமுமில்லை.
ஓமந்தையில் இறங்கி, பை திறந்து காட்டி,
சூனியப் பிரதேசம் கடந்து, இன்னொரு தரம் பை திறந்து
அவர் வந்தது மொத்தம் பதினொரு முறை.

நான் அவருடைய தமிழ்.
கிளிநொச்சியில், நாட்கூலிக்கு,
மேசையின் இந்தப் பக்கத்தை
அந்தப் பக்கத்துக்குக் கடத்துகிற வேலை.
சில சொற்களை வழியில் ஆறவைத்துக் கொடுத்தேன்.
இரண்டு பக்கமும் நன்றி சொன்னது.

பெயர் சீப்ரன் வான் டெர் சைல்.
இரணைமடுக் கட்டில் நடக்கையில் பிரித்துக் காட்டினார்:
சைல் என்றால் துருசு, வான் என்றால் இருந்து.
அப்பனும் பாட்டனும் கடலை வெளியே நிறுத்தி வைத்தவர்கள்.
அப்ப நீங்கள் துருசடியான், என்றேன்.
நோட்டில் எழுதுவித்துக்கொண்டார்.
எங்களுக்கு வான் வேறை.
குளம் மிஞ்சினால் வான் பாயும்,
சனம் சைக்கிளில் பார்க்க வரும், கச்சான் விற்கும்.
மிஞ்சுவதைப் பார்க்கவா வருவார்கள்?
அவருடைய ஊரில் ஓடுவார்களாம்.

பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர்
என்று ஒருநாள் மேசையில் கேட்டார்.
பதில் நீளம். நான் சுருக்கினேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

பிறகு அவர் பரமரிபோவில்.
நாங்கள் மாத்தளனில்.
பற்றறி தீருமட்டும் ரேடியோ கேட்டோம்.
ஆழ்ந்த கவலை, ஆழ்ந்த கவலை என்றன தலைநகரங்கள்.
பங்கருக்குள் பக்கத்து மனிசி கேட்டா:
எவ்வளவு ஆழம் பிள்ளை?

துருசில் ஓர் அளவுப் பலகை உண்டு,
முப்பத்திநாலு அடிவரைக்கும்.
கவலைக்கு அப்படியொன்றை நான் காணவில்லை.
அந்தச் சொல்லை எத்தனை தரம் நானே
ஒரு துளி சிந்தாமல் தமிழாக்கியிருக்கிறேன்.

குறிப்போடு நோட்டின் ஒரு தாளும் வந்திருக்கிறது.
மேலே என் கையெழுத்தில் துருசடியான்.
கீழே பென்சிலில் வருசத்துக்கொரு எண்,
மார்கழி மார்கழியாய்:
இருபத்தாறு, முப்பத்தொன்று, இருபத்தொன்பது...
யாரைக் கேட்டு எழுதினாரோ.
நாங்கள் கிழக்கே நடந்த வருசத்துக்கு நேரே
எண் இல்லை. ஒரு கோடு,
தாள் கிழியுமளவுக்கு அழுத்தி.

மகள் கேட்கிறாள்: இவை என்ன,
ஏதும் வங்கிக் கணக்கா?
பதில் எழுதவேண்டும்.
ஆழம் என்று தொடங்கி வெட்டிவிட்டேன்.
அடிக்கணக்கு என்று எழுதலாம்.
அவளுடைய மொழியில்
அடி வலிக்காது.