கரடிக்குக் கேட்கட்டும்

செவ்வாய்க்கிழமையிலிருந்து நாங்கள் கதைக்கவில்லை.
தேத்தண்ணியை மேசையில் வைப்பேன்.
குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.
ஒரு தண்ணிப் பம்ப், ஒரு கடன் புத்தகம்,
என்னிடம் கேளாமல் போட்ட ஒரு கையெழுத்து.
வேறொன்றுமில்லை.

ஞாயிறு விடிய, ரியூசன் இல்லையென்று தெரிந்ததும்
கோவர்த்தன்தான் தொடங்கினான்:
"பாலைப்பழம் முடியப்போகுது."
சின்னவள் அதற்குள் தொப்பி போட்டிருந்தாள்.
பாணும் சம்பலும் கட்டினேன்.
"அப்பாட்டச் சொல்லு, படங்கை எடுக்கச் சொல்லி."
"அம்மாட்டச் சொல்லு, எடுத்தாச்செண்டு."
இரண்டு முழ இடைவெளியில் நின்றுகொண்டு.

முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறி நடந்தோம்.
சோளகம் என் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது.
தண்ணி வற்றி, பட்டமரங்கள்
முழங்கால் தெரிய நின்றன.
ஒவ்வோர் உச்சியிலும் ஒரு நீர்க்காகம்
தன்னையே காயப்போட்டிருந்தது.

வாய்க்கால் முடிகிற இடத்தில்
வெயிலும் முடிந்தது.
வீரையும் முதிரையும் மூடிய மணற்பாதை;
செருப்பைக் கையில் எடுத்தாள் சின்னவள்.
யானை லத்தியில் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள்.
தடியால் கிண்டிப் பார்த்து
"நேற்றையது" என்றான் கோவர்த்தன்,
ஏதோ தான் நேற்று வந்து பார்த்ததுபோல.

ஒரு மரத்தடியில் இவர் நின்றார்.
பட்டையில் நாலு கீறல், நெஞ்சுயரத்தில்.
பால் இன்னும் காயவில்லை.
என்னைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துச் சொன்னார்:
"கதைச்சுக்கொண்டு நடக்கவேணும்.
சத்தம் கேட்டால் அது தன்பாட்டில் விலகிப் போகும்.
பேசாமல் போற ஆக்களைத்தான் கரடி கிழிக்கிறது."

பிள்ளைகள் எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.
பிறகு, வேறு வழியில்லாமல்,
கோவர்த்தன் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்தினான்;
ஏழெட்டில் இடறினான்.
சின்னவள் தன் வகுப்பு இடாப்பை முழுக்கக் கூப்பிட்டாள்.
எல்லாருக்கும் தானே "வந்திருக்கிறேன் ரீச்சர்" சொன்னாள்,
வராத ஒருத்திக்கும்.
அதுவும் முடிந்தது.
காடு காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு எடுத்தனீங்கள்?"
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
"எண்பத்தையாயிரம்!" பற்றைக்குச் சொன்னார்.
"மாதம்?"
"எட்டாயிரத்து நானூறு!"
"எத்தினை மாதம்?"
"பன்ரண்டு!"
மரங்கொத்தி ஒன்று தட்டுவதை நிறுத்தியது.
"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

கொஞ்சத் தூரம் மணல் மட்டும் சரசரத்தது.
"சொன்னால் நீ சங்கிலியைக் கழட்டித் தருவாய்."
அதை அவர் கத்திச் சொல்லவில்லை.
கரடிக்குக் கேட்டிருக்காது.

ஏதாவது சொல்லவேண்டும், காடு.
"பம்ப் நல்ல பம்ப்தானே?"
"ஜப்பான்."
பிறகு, நேர்மையாக,
"பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கு."

பாலைமரத்தைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று.
இவர் ஏறி உலுக்க, படங்கில் மஞ்சள் மஞ்சளாய்ப் பொழிந்தது.
ஊதித் தின்றோம், ஊதாமலும் தின்றோம்.
பத்துப் பழத்தோடு நிறுத்தவேண்டும் என்பது
எல்லாருக்கும் தெரியும்.
சின்னவளுக்குத்தான் முதலில் உதடு ஒட்டியது,
பிறகு எங்கள் எல்லாருக்கும்.
தேங்காயெண்ணெய்ப் போத்தல் வீட்டு அடுப்படியில்.
சிரிக்கவும் முடியாமல் மூக்கால் சிரித்தோம்.

திரும்பும் வழியில் யாரும் கதைக்கவில்லை.
இவர் தண்ணிப் போத்தலில் தடியால் தட்டிக்கொண்டு வந்தார்.
நான் சாப்பாட்டுப் பெட்டியில் தட்டினேன்.
தாளம் சேரவேயில்லை.

குளக்கட்டில் குந்தியிருந்து
பழங்களைப் பையில் பிரித்தபோது
ஒரு பையை மட்டும் தனியாகக் கட்டினேன்,
பால் கூடிய, அரைப்பழமாய்ப் பார்த்து.
யாருக்கு என்று புருவத்தால் கேட்டார்.

நாளைக்குத் திங்கட்கிழமை.
கடன் கேட்கிற பெடியன்
மோட்டார்சைக்கிளில் படலைக்கு வருவான்.
அவனுக்கு, என்று கையால் காட்டி
என் இரண்டு உதட்டையும் விரலால் பொத்தினேன்.

இவர் சிரித்த சிரிப்பில்
மேலுதடு கிழிந்து
ஒரு பொட்டு இரத்தம் வந்தது.