ஐப்பசி மடல்

முன்னாள் மாணவர் சங்க மடலை
நான்தான் தட்டச்சு செய்கிறேன்.
தண்ணீர் வரி கவுண்டரில் மூன்றரைக்கு மேல்
ஆள் வரத்து குறைவு.
ஜன்னலுக்கு வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள்,
போன மடல் எழுதும்போது நின்ற
அதே லாரிகள் போல.

முதலில் செய்திகள்.
விலங்கியல் பெனடிக்டா சிங்கப்பூரில் வீடு வாங்கிவிட்டாள்.
நாலு படம் அனுப்பியிருக்கிறாள்,
நாலிலும் சமையலறை.
லத்தீப் பாய்க்கு மூட்டு மாற்று அறுவை. நலம்.
மாடிப்படி உள்ள நிகழ்ச்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்கிறார்.
கணிதம் சண்முகவடிவு
தன் மகள் பெயரில் ஒரு பரிசு வைக்கக் கேட்கிறாள்.
மகள் நம் கல்லூரியில் படிக்கவில்லை.
கல்லூரி வயதை அவள் எட்டவே இல்லை.
எந்தத் தலைப்பின் கீழ் போடுவதென்று
இரண்டு நாள் யோசித்து
'பரிசுகள்' என்றே போட்டேன்.

அடுத்து நிகழ்ச்சிகள்.
அக்டோபர் கடைசிச் சனி, மாலை நான்கு, பொதுக்குழு.
மறுநாள் காலை கண் பரிசோதனை,
அதே ஹால்தான்,
ராத்திரியே நாற்காலிகளை அடுக்கிவிட வேண்டாம்.
கேரம் இரட்டையர்:
பவுடர் சங்கத்துடையது, ஸ்ட்ரைக்கர் அவரவருடையது.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது என்ற சாக்கு
அன்று போலவே இன்றும் செல்லாது.
மழை பெய்தால் என்று தொடங்கி
அழித்துவிட்டு
மழை பெய்யும்போது என்று மாற்றினேன்.

கடைசியில்
பந்தல், நாற்காலி உபயம்:
துரைக்கண்ணு சவுண்ட் சர்வீஸ், புதுவண்ணாரப்பேட்டை.
பன்னிரண்டு வருடமாக இதே வரி.
வெட்டி ஒட்டுவதோடு சரி.

நேற்று அவரே வந்தார்.
வரி கட்டினார், சில்லறையை எண்ணாமல் பையில் போட்டார்,
நகரவில்லை.
"மேடம், ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது.
உபயத்துல பேர் போடறீங்க.
மேல போட முடியுமா?
மேலன்னா, பேட்ச் போட்டு வருதே, அங்க.
நானும் பி.காம்தான். ரெண்டு வருசம் வந்தேன்.
பி செக்சன். ஃபேன் ஓடாத ரூமு."

நானும் பி செக்‌ஷன்.
அந்த ஃபேனை எனக்கு நன்றாகத் தெரியும்.
அவரைத் தெரியவில்லை.

"மூணாவது வருசம் ஃபீஸ் அறுநூத்தி நாப்பது.
அதே மாசம் முப்பது சேர் வெலைக்கு வந்துச்சு.
ரெண்டுத்துக்கும் துட்டு இல்ல."
வருத்தமாகச் சொல்லவில்லை.
வாடகை விவரம் சொல்கிற குரல்.

சங்க விதி இரண்டு, உட்பிரிவு அ:
பட்டம் பெற்றவரே உறுப்பினர்.
அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான்
அந்த விதியை எழுதினார்கள் என்று சொல்ல ஆசை.
பொய். அந்த வருடம் பெஞ்சுகள்தான்.

ஒவ்வொரு கூட்டத்திலும்
கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று
உதடசைத்து எண்ணிக்கொண்டிருப்பார்.
நாற்காலிகளை என்றுதான் நினைத்திருந்தேன்.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.
இருபது வருட கவுண்டர் வேலையில்
வாய் தானாகச் சொல்லும் வாக்கியம்.
"பரவால்ல மேடம்" என்று
வாசலில் குடையை விரித்தார்.
தூறல்கூட விழவில்லை இன்னும்.
எண்ணூர்ப் பக்கம் மட்டும் கறுத்திருந்தது.

யாரையும் கேட்கவில்லை.
இரவு, குக்கர் மூன்றாவது விசிலுக்கு முன்
அடித்தேன்:
துரைக்கண்ணு, பி.காம், பி பிரிவு, 1994 –
கோட்டுக்கு அந்தப் பக்கம்
எந்த வருடத்தைப் போடுவது?
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
அப்படியே விட்டுவிட்டேன்.
தலைவர் கேட்டால் அச்சுப்பிழை.
அடுத்த மடலிலும் அதே அச்சுப்பிழை வரும்.

உபயம் வரியை எடுக்கவில்லை.
இந்த முறை நாற்காலிகள் இருநூற்று இருபது.
அதன் கீழே ஒரு வேண்டுகோள்:
தொண்ணூற்று நாலில் எடுத்த
பி பிரிவுக் குழுப்படம் யாரிடமாவது இருந்தால்
பாலித்தீன் பையில் சுற்றி எடுத்து வரவும்.
என்னுடையது வெள்ளத்தில் போயிற்று.
மூன்றாவது வரிசையில்
ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும்.