வியாழன் இரவுக் காட்சி

இந்த வெள்ளி மூன்று படங்கள்.
அரிவாள் படம் ஒன்று, கல்யாணப் படம் ஒன்று,
மூன்றாவது பேய்ப் படம் என்று சுவரொட்டி சொல்கிறது.
பேய் வருவதற்குள்
பாப்கார்ன் தீர்ந்துவிடும், இப்போதே சொல்லிவிட்டேன்.

சாட்ஸ்வொர்த்தில் இரண்டாம் மாடி,
கண்ணாடிக்குப் பின்னால் நான்.
கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.
ரேண்ட் உள்ளே வரும், டிக்கெட் வெளியே போகும்,
நடுவில் ஒரு கேள்வி:
"எது நல்லாருக்கு, சலோஷினி?"

முதலாளிக்கு எல்லாமே நல்ல படம்.

பூபாலன் மூட்லி அங்கிள், உங்களுக்கு அரிவாள்.
முதல் சண்டை பதினோராவது நிமிடம்.
அதற்கு முன் ஒரு பாட்டு;
கழிப்பறைக்கு அப்போதே போய்விடுங்கள்.
நாயகனுக்கு அறுபது இருக்கும்,
முடிக்கு மட்டும் இருபத்தைந்து.
சத்தம் அதிகம்தான். உங்கள் காதுக்கு அளவாக இருக்கும்.

சிஸ்டர் தேவநாயகி, இரவுப் பணியிலிருந்து நேரே வருகிறீர்கள்,
கல்யாணப் படத்துக்குப் போங்கள்.
படம் சுமார். குளிர்சாதனம் பிரமாதம்.
ஜே வரிசை ஓரம்; கைப்பிடி உடையாத இருக்கை அது ஒன்றுதான்.
கெட்டிமேளத்தில் ஒருமுறை விழிப்பு வரும்,
திரும்பப் படுத்துக்கொள்ளலாம்,
அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தம்பி, பேய்ப் படம் பதினாறு வயதுக்கு மேல்.
அந்த மீசை உன் அக்காவுடைய மைப்பென்சில்.

எங்கள் வீட்டில் தமிழ் சாமி அறையோடு சரி.
நான் கற்றது இங்கேதான்,
திரையில் கேட்டு, கீழே ஓடும் ஆங்கிலத்தோடு பொருத்திப் பார்த்து.
அதனால் எனக்கு மிரட்ட நன்றாக வரும்,
காதலிக்கக்கூட வரும்,
ஆறுதல் சொல்ல வராது.
பாப்கார்ன் விற்கும் நொம்வூலாவுக்கு டேய், போடா, அம்மா
மூன்றே சொல்.
முடிவை எனக்கு முன்னால் அவள்தான் சொல்வாள்.

ஒரு முறை பார்க்காமல் சொன்னேன்.
சிரிப்புப் படம், சென்னையில் நல்ல கூட்டமாம்,
அது போதும் என்றிருந்தேன்.
கோகிலாம்பாள் ஆன்ட்டி கேட்டார்.
"சிரிச்சுட்டு வாங்க" என்றேன்.

ஏப்ரலில் வெள்ளம். இது ஆகஸ்ட்.
உம்லத்துசானா ஆற்றோரம் அவர் வீடு இருந்த இடம் எனக்குத் தெரியும்.
அன்றிரவு உள்ளே யார் இருந்தது என்றும் தெரியும்.
படத்துக்குள் என்ன இருந்தது என்பதுதான் தெரியாது.

இடைவேளை முடிந்ததும் ஊரே தண்ணீரில்.
கட்டிலோடு மாமனார் மிதந்து போவார்.
கொசுவலையைப் பாய்மரமாகக் கட்டுவார்.
அரங்கம் சிரித்தது கூண்டுவரை கேட்டது.

அவர் வெளியே வந்தார்.
பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
பாப்கார்ன் வாளியை என் முன்னால் வைத்துவிட்டுப்
படிக்கட்டில் இறங்கினார்.
வாளியில் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

அன்றிலிருந்து வியாழன் இரவு,
கடைசி டாக்சியைப் போகவிட்டு,
சோதனை ஓட்டத்துக்குத் தனியாக உட்கார்கிறேன்.
நடுவில் மின்வெட்டு வந்தால் மீதி விடியற்காலையில்.
கதை எழுதிக்கொள்வதில்லை.
நட்சத்திரம் போடுகிறவர்கள் போடட்டும்.
ரசீதின் முதுகில் இவ்வளவுதான்:
ஆஸ்பத்திரி, நாற்பதாவது நிமிடம்.
குழந்தை தொலையும், பேருந்து நிலையத்தில் கிடைக்கும்.
காரை மறித்துத் துப்பாக்கி, இரண்டு முறை.
நாய் சாகாது.

இன்று வரிசையில் ஏழாவதாக அவர்.
ஒன்றரை வருடம். கைப்பை மாறியிருக்கிறது.
சுவரொட்டிப் பக்கம் பார்க்கவில்லை.
ஓட்டையருகே குனிந்தார்.

"தண்ணி இருக்கா?"

பின்னால் யாரோ சில்லறையைக் குலுக்கினார்கள்.
மனப்பாடம்தான்,
இருந்தும் ரசீதைத் திருப்பிப் பார்த்தேன்.

"கல்யாணப் படத்துல ஒரு கிணறு வரும் ஆன்ட்டி.
வறண்ட கிணறு.
பந்து எடுக்க ஒரு பையன் இறங்குவான்.

ஏறிடுவான்."