அங்கே மணி என்ன

நான்கு அதிபர்களுக்குக் காதாக இருந்தவன் நான்.
வாயாக இருந்தவர்கள் புத்தகம் போட்டுவிட்டார்கள்.

முதலாமவருக்கு உலகத் தலைநகரங்கள் தலைகீழ்ப் பாடம்.
போரில் அது உதவவில்லை.
மூன்றாமவர் வரைபடத்தின்மேல் காப்பிக் கோப்பையை வைப்பார்;
ஒரு தீவுக்கூட்டம் எட்டு வருஷம்
வட்டக் கறைக்குள் கிடந்தது.
நாலாமவருக்குக் கோபம் வந்தால் கொள்கை வரும்.
அவரைப் பற்றி வேண்டாம்,
இன்னும் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறார்.

இரண்டாமவர், ஹாலிஸ் வெதர்பீ,
கையெழுத்துக்கு முன் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"அங்கே இப்போது மணி என்ன?"

என் கோப்பில் துறைமுகத்தின் ஆழம் இருந்தது,
எண்ணெய்த் தொட்டிகளின் எண்ணிக்கை,
தளபதியின் மச்சான்
யாரிடம் கடன்பட்டிருக்கிறான் என்பதுவரை.
மணி இல்லை.

வெள்ளை மாளிகையில் காலை ஒன்பது.
மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன்:
"இரவு இரண்டு, ஐயா. கிடங்கில் ஆளிருக்காது."

"நல்லது" என்றார்.
மூடியைத் திறந்தார்.

கூட்ட வேண்டிய ஏழைக் கழித்திருந்தேன்.
அங்கே மாலை நான்கு. வெள்ளிக்கிழமை.
கூலி வாங்க வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

அவரிடம் சொல்லவில்லை. கேட்டவர் அவர் ஒருவர்தான்.

தலைமைக்கு இலக்கணம் கேட்டுப்
பல்கலைக்கழகங்கள் அழைக்கின்றன.
துணிவு, தொலைநோக்கு என்று ஏதோ பேசிவிட்டு
காசோலையை மடித்துக்கொண்டு வருகிறேன்.

நேற்று முடிவெட்டும்போது லியாண்டர் கேட்டான்,
எதற்கு ரெண்டு கடிகாரம் என்று.

"இது ஏழு மணி நேரம் முந்தி ஓடுகிறது" என்றேன்.

"ரிப்பேருக்குக் குடுங்க சார்" என்றான்,
காதோர மயிரை ஊதித் தள்ளியபடி.