இரண்டு விரல் துணி

காலையிலேயே தொடங்கிவிட்டாள் நேஜா:
"கவட்டருகே இரண்டு விரல் விட்டுத் தையேன், பிரிகிதா.
யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?"

நாடாக்காரர் கண்ணுக்குத் தெரியும்.
போன மாதம் ஒரு பையனின் பதக்கம்
சுண்டுவிரல் அகலத் துணியில் போயிற்று.
துணிதான். ஆனால் கால்களுக்கு நடுவே
கொஞ்சம் தொளதொளத்தால்
பாய்மரம்.

வாயில் குண்டூசிகள். தலையை மட்டும் ஆட்டினேன்,
மாட்டேன் என்று.

இப்போது அவள் உச்சியில், கம்பியில் உட்கார்ந்திருக்கிறாள்.
பிளானிட்சாவின் தளிர்மரங்கள் எல்லாம்
அவள் காலுக்குக் கீழே.
பச்சை விளக்கு.
கையை விட்டாள்.

சறுக்குத் தடத்தில் காற்று கடன்காரன்.
முகத்தைக் காட்டினால் சட்டையைப் பிடிப்பான்.
அதனால் மார்பை முழங்காலில் ஒட்டி,
கைகளை முதுகுக்குப் பின் ஒளித்து,
ஓட்டுக்குள் குஞ்சாகச் சுருண்டு வருகிறாள்
மணிக்குத் தொண்ணூற்றொரு கிலோமீட்டரில்.

பிறகு விளிம்பு.

அதே கடன்காரன் மேல்
இப்போது மார்பை விரித்துப் போய் விழ வேண்டும்.
முந்தினால் குப்புற.
பிந்தினால் காற்று அவளை நிமிர்த்தி
மூடிய கதவாக முகத்தில் அறையும்.
இமைப்பில் பாதிகூட இல்லை அவளிடம்.

சரியாக விழுந்தாள்.

பலகைகள் இரண்டும் அகல விரிய
நடுவே படுத்தாள், மூக்கு
பலகை நுனியைத் தேடிப் போக.
பள்ளத்திலிருந்து எதிர்க்காற்று எழுந்தது.
என் தையல் ஒவ்வொன்றும் விம்மியது
இங்கே எனக்குக் கேட்டது, சத்தியமாக.
நூற்று இருபது.
நூற்று முப்பது.
மத்யாஷ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.
நூற்று முப்பத்தாறரையில்
ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக
பனி தெறிக்க இறங்கினாள்.

நாங்கள் கத்தி முடிப்பதற்குள் எண்கள் வந்தன.
எதிர்க்காற்றுக்குக் கழிவு: பதினொன்று புள்ளி நான்கு.

அடுத்து வந்த மிசோரா
முதுகைப் பிடித்து அமுக்கும் காற்றில்
ஏழு மீட்டர் குறைவாகத்தான் போனாள்.
அவளுக்குக் கூட்டினார்கள்.
ஹொக்காய்டோ கொடி ஒன்று துள்ளியது.
நியாயம்தான். நியாயம் என்பதால்
யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

நாடாக்காரர் நேஜாவின் கவட்டை அளந்தார்.
"சரி" என்றார்.

பலகைகளைத் தோளில் சாய்த்து வந்தாள்.
"நான் கேட்டதை நீ தரவில்லை.
காற்று கேட்காமலே தந்தது.
அதை அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்."
ஜிப்பை இறக்கினாள்.
உள்ளே அடைந்திருந்த வெப்பம்
என் கண்ணாடியை மங்கலாக்கிவிட்டுப் போனது.

துடைத்துக்கொண்டிருக்கையில்,
"சரி, ஒரு விரல்?" என்றாள்.