தொண்ணூற்று நான்கு

கிள்ளானில் பயிற்சிக்குப் போன வகுப்பில்
பிள்ளைகள் என் இடுப்புயரம்.
கோத்தகிரியில் பதினொன்றாம் வகுப்பு
எழுந்து நின்றதும்
பின்சுவரே மறைந்துபோனது.

"உட்காருங்க. எல்லாரும் பசியாறியாச்சா?"
எங்கள் ஊர் வழக்கம், வாயில் வந்துவிட்டது.
சிரிப்பு முதல் பெஞ்சில் பிடித்துக்
கடைசி பெஞ்சுக்கு ஓடியது.
படுக மொழியில் யாரோ ஏதோ சொல்ல
திரும்பி வந்தது.
தமிழ் தெரியும் என்றுதானே
இங்கே இடம் கேட்டேன்.

ஜன்னல் வழியே மூடுபனி நுழைந்து
வருகைப் பதிவேட்டை நனைத்தது.
ஈரச் சாக்பீஸ் வழுக்க வழுக்க எழுதினேன்,
மூன்று இரவு ஒத்திகை பார்த்த வரியை:
நீரின் கொதிநிலை நூறு.

"இங்க தொண்ணூத்தி நாலு, மிஸ்."
போஜராஜ். மீசை அரும்பியவன்.
"எங்க வீட்ல பருப்பு வேகுறதுக்குள்ள
கடைசி பஸ்ஸே போயிடும்."
இம்முறை சிரிப்பு என்மேல் இல்லை.

எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம்
துறைமுகத்துத் தண்ணீர்,
கடலுக்குப் பக்கத்தில் கொதித்தது.
டஸ்டரை எடுத்தேன். வைத்தேன்.
நூறு அப்படியே இருக்கட்டும்,
பக்கத்தில் நீயே எழுது என்றேன்.
அவன் கை என் தலைக்கு மேலே போய் எழுதியது.

"உங்க ஊர்ல இப்ப மணி என்ன மிஸ்?"
சிவப்பு ஸ்வெட்டர்க்காரி, சுமலதா.
"ஒண்ணு."
"அப்ப நீங்க பசியாறியாச்சா?"
இல்லை என்றேன்.
காலையிலிருந்து வயிறு
எதையும் உள்ளே விடவில்லை.

இடைவேளை.
ஆசிரியர் அறையில் டம்ளர் நிறையத் தேநீர்.
பழக்கத்தில் ஊதினேன்.
நினைத்த அளவு
சுடவில்லை.