வலது கரை

மல்லாவி மைதானத்தில் புல் கிடையாது, கிரவல்.
விழுந்தால் முழங்காலில் செம்மண் ஏறும்,
மூன்று நாள் குளித்தாலும் போகாது.
வலது கரையில் கஜீபன் ஓடுவான்.
நான் வாங்கில் இருப்பேன்.
எனக்கும் வலது கரைதான்.

எங்கள் கழகத்திடம் ஒரே ஒரு திட்டம் இருந்தது:
‘பந்தை அவனிட்டக் குடு.’
கோல்காப்பாளர் உதைத்தாலும் அவனுக்கு,
மூலை உதையும் அவன்,
என்ன செய்வதென்று தெரியாவிட்டால்
கட்டாயம் அவனுக்கு.
பதினேழு வயது.
இரண்டு பேரை வெட்டி, மூன்றாமவனில் மோதி விழுந்து
எழும்பிக் காற்சட்டையைத் தட்டுவான்.
ஊர் கத்தும்.
விழுந்த சத்தம் அந்தக் கத்தலுக்குள் போய்விடும்.

சனி முள்ளியவளை, ஞாயிறு காலை விசுவமடு,
ஞாயிறு பின்னேரம் துணுக்காயில் ஒன்பது பேர் ஆட்டம்.
விலகல் முறை என்றால்
வெல்ல வெல்ல ஆட்டம் கூடும்;
தோற்றவர்கள் வெள்ளன வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள்.
அதுக்கு மேலே மற்றக் கழகங்கள் இரவல் கேட்டு வரும்:
மோட்டார் சைக்கிளில் இருவர்,
பெற்றோல் காசு, ஒரு கொத்துரொட்டி.
இடையில் ஆலையில் நெல்மூட்டை, அறுபத்தைந்து கிலோ.
அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் சேர்த்தேன்.
வாங்கில் இருக்கிறவனுக்கு வேறென்ன வேலை?
கொப்பியின் பின்பக்கத்தில்
ஒரு வருஷம் எழுபத்தெட்டு ஆட்டம்,
அடுத்த வருஷம் தொண்ணூற்றொன்று,
அதற்கடுத்தது நூற்றிநாலு.
விழுத்தப்பட்டதை எண்ணுவதை
வைகாசியிலேயே விட்டுவிட்டேன்.

பொருளாளர் சிறீகரனிடம் கொப்பியைக் காட்டினேன்.
‘உனக்கு இறங்க ஆசை, அதுதான்’ என்றார்.
உண்மை. எனக்கு ஆசைதான்.
கணக்கும் உண்மை.
இரண்டையும் ஒரே வாயால் சொன்னால்
ஒன்றுதான் காதில் விழுகிறது.

இருபத்தொன்றில் ஊசி.
போட்டால் ஆறு மணித்தியாலம் முழங்கால் பேசாது.
பேசாத முழங்காலோடு அரையிறுதி, இறுதி.
கிண்ணத்துக்குள் சோடா ஊற்றிக் குடித்தோம்.
நானும் குடித்தேன்.

எவ்வளவு மாரி பெய்தாலும்
எந்தக் குளமும் வருஷம் முழுக்க வான் பாயாது,
இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.
சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று
கூட்டம் வைத்துச் சண்டை பிடித்துக் கையெழுத்து வைக்கிறோம்.
அவனுக்கு ஒரு கூட்டமும் வைக்கவில்லை.

இருபத்திமூன்றில், பாண்டியன்குளத்தில்,
யாரும் மோதவில்லை.
பந்தும் கிட்ட இல்லை.
அவன் திரும்பினான்.
இடது கால் திரும்பவில்லை.
காய்ந்த பாலைக் கொப்பு முறிகிற சத்தம்
வாங்கு வரைக்கும் கேட்டது.
பயிற்சியாளர் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.
சப்பாத்து நாடாவை இறுக்கினேன்.
அவனைத் தூக்கி வந்தவர்களைக் கடந்து
உள்ளே ஓடினேன்.
சொல்லக் கூடாது,
சந்தோசமாக ஓடினேன்.

உழவு இயந்திரம் ஓட்டக் கேட்டுப் போனான்.
கிளச் மிதிக்க இடது கால் வேண்டுமாம்.
இப்போது சந்தியில் ஒரு போன் கடை,
ஒரு காலை நீட்டியபடி ரீலோட் போடுகிறான்.
வருகிறவர்கள் ‘அந்தக் கோல்’ என்று தொடங்குவார்கள்.
எந்தக் கோல் என்று அவனுக்கே பிடிபடாது,
தலையாட்டி மிச்சக்காசு கொடுப்பான்.

எனக்கு இருபத்தெட்டு.
இன்னும் ஆடுகிறேன், கிழமைக்கு ஒன்று,
சில கிழமை அதுவுமில்லை.
குந்தியிருந்து எழும்பினால்
என் முழங்கால் ஒரு சத்தமும் போடாது.
வாங்கின மாதிரியே இருக்கிறது.
ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

போன மாதம் புதிதாக ஒருவன் வந்தான்,
பதினாறு வயது, இடது கரை.
முதல் ஆட்டத்திலேயே பின்னாலிருந்து யாரோ:
‘பந்தை அவனிட்டக் குடு!’
பந்து என் காலில் இருந்தது.
கொஞ்சம் வைத்திருந்தேன்.
இன்னும் கொஞ்சம்.
பறித்துக்கொண்டு போய்க் கோல் அடித்தார்கள்.
சிறீகரன் அம்மா வரைக்கும் ஏசினார்.
அன்றைக்கு நாங்கள்
வெள்ளன வீட்டுக்குப் போய்ப் படுத்தோம்.